எந்த உப்பைக் குடுத்தாலும் குளோரைடுன்னே வருதா? அப்ப இதைப் படிங்க

அக்கா மக +2 படிக்கிறா. போன வாரம் கெமிஸ்ட்ரி ப்ராக்டிகல் முடிச்சு வந்தவ பையை மூலையில போட்டுட்டு "சித்தி, எந்த உப்பைக் குடுத்தாலும் எனக்கு குளோரைடுன்னே வருது, நான் என்னதான் பண்றது"ன்னு அழுகுற மாதிரி உக்காந்துட்டா. அன்னைக்குக் குடுத்தது மெக்னீசியம் சல்பேட்டாம், இவ சில்வர் நைட்ரேட் ஊத்துனதும் வெள்ளையா வந்துருச்சு, குளோரைடுன்னு எழுதிட்டா, மார்க் போச்சு. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "டெஸ்ட் ட்யூபை எந்தத் தண்ணியிலடி கழுவுன?" "பைப்புத் தண்ணியிலதான் சித்தி."

விஷயம் அதுலதான் இருக்கு. ராமநாதபுரம் மாவட்டத்துல கீழக்கரையத் தாண்டி ஏர்வாடி, வாலிநோக்கம்னு கடலை ஒட்டியே போற எங்க பக்கத்துல போர் தண்ணிய நாக்குல வெச்சாலே தெரியும், குடிக்க காவேரித் தண்ணிக்கோ தள்ளுவண்டியில குடம் குடமா வர்ற தண்ணிக்கோ காத்துக்கெடக்குற ஊருங்க. அந்த பைப்புத் தண்ணியில ஏற்கனவே குளோரைடு இருக்கு. அவ உப்பை டெஸ்ட் பண்ணல, எங்க ஊரு நிலத்தடித் தண்ணிய டெஸ்ட் பண்ணிருக்கா, அது உண்மையைத்தான் சொல்லிருக்கு. டெஸ்ட்டும் தப்பில்ல, அவ கண்ணும் தப்பில்ல. அன்னைக்கு ராத்திரி அவளுக்குச் சொன்னதைத்தான் இங்க எழுதுறேன், சால்ட் அனாலிசிஸ்னாலே, அதாவது குடுத்த உப்புல எந்தெந்த அயனி இருக்குன்னு கண்டுபிடிக்கிறதுன்னாலே பயப்படுற பிள்ளைங்க நெறைய இருக்குங்க, அட்டவணைய மனப்பாடம் பண்ணிப் பண்ணி வெறுத்துப் போனதுங்க.

மொதல்ல அயனின்னா என்னன்னு பாத்துருவோம். சோடியம் அணுவுல 11 புரோட்டான், 11 எலக்ட்ரான், கணக்கு சமம். அது ஒரு எலக்ட்ரானைக் குடுத்துட்டா 10தான் மிச்சம், ஒரு பாசிட்டிவ் சார்ஜ் கூடுதலா நிக்கும். குளோரின்ல 17, அது ஒண்ணை வாங்கிக்கிட்டா 18, ஒரு நெகட்டிவ் சார்ஜ். இப்படி எலக்ட்ரானைக் குடுத்ததும் வாங்குனதும்தான் அயனி. கல்லுப்புக் கட்டிக்குள்ள இந்த ரெண்டும் மாத்தி மாத்தி அடுக்கி வெச்ச மாதிரி இறுக்கமா இருக்கும், தண்ணியில போட்டீங்கன்னா தண்ணி மூலக்கூறுங்க ஒவ்வொரு அயனியையும் சுத்தி வளைச்சு தனித்தனியாப் பிரிச்சுக் கூட்டிட்டுப் போயிரும். அதுக்கப்புறம் அங்க "சோடியம் குளோரைடு"ன்னு ஒரு ஜோடி கிடையாது, சோடியம் அது பாட்டுக்குத் திரியுது, குளோரைடு அது பாட்டுக்குத் திரியுது. இது புரிஞ்சா பாதி பாடம் முடிஞ்சது. ஏன்னா கடல்ல இருந்து வந்த குளோரைடுக்கும் லேப் பாட்டில்ல இருந்து வந்த குளோரைடுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல, நம்ம ஊத்துற சில்வருக்கு அது யாரோட வந்துச்சு எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியாது. அதனாலதான் ட்யூப் கழுவுன தண்ணி வரைக்கும் கணக்குல வருது.

நம்ம கடல் தண்ணியவே எடுத்துக்கங்க. ஒரு லிட்டர்ல சுமாரா 35 கிராம் உப்புகள் கரைஞ்சிருக்கும். அதுல குளோரைடு மட்டும் கிட்டத்தட்ட 19 கிராம், சோடியம் 10.8 கிராம் போல, சல்பேட் 2.7, மெக்னீசியம் 1.3, கால்சியமும் பொட்டாசியமும் ஆளுக்கு 0.4 கிராம். அப்புறம் புரோமைடுன்னு ஒண்ணு, லிட்டருக்கு 65 மில்லிகிராம்தான். அந்தப் பேரை மட்டும் ஞாபகத்துல வெச்சுக்கங்க, கடைசியில அதுகிட்டதான் வரப்போறோம்.

இப்ப இந்தக் கூட்டத்துக்குள்ள குளோரைடு இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? கண்ணுக்கு எல்லாமே நிறமில்லாத தண்ணிதான். இதுக்கு ஒரு வழி, அந்த அயனி யாரோட சேந்தா தண்ணியில நிக்க முடியாமப் படிஞ்சு போகுமோ அந்த ஆளை உள்ள அனுப்புறது. சோடியம் குளோரைடு ஒரு லிட்டர் தண்ணியில 360 கிராம் வரைக்கும் கரையும். அதே குளோரைடு சில்வரோட சேந்துச்சுன்னா ஒரு லிட்டர்ல ஏறக்குறைய 2 மில்லிகிராம்தான் கரையும், மிச்சம் பூரா வெள்ளையா, திரிஞ்ச தயிர் மாதிரி கட்டி கட்டியா வந்து விழும். அதுதான் வீழ்படிவு. 360 கிராம் எங்க, 2 மில்லிகிராம் எங்க! இந்த வித்தியாசத்தை வெச்சுத்தான் டெஸ்ட்டே. குளோரைடு கொஞ்சூண்டு இருந்தாக்கூட மாட்டிக்கும்னா அதுக்குக் காரணம் இதுதான், எங்க போர் தண்ணி மாட்டிக்கிட்டதும் இதனாலதான்.

சில்வர் நைட்ரேட் ஊத்துறதுக்கு முன்னாடி நீர்த்த நைட்ரிக் ஆசிட் ஏன் விடணும்னு கேட்டா பாதிப் பேரு "புக்குல இருக்கு"ம்பாங்க. ஏன்னா கார்பனேட்டும் சில்வரோட சேந்து படியும், பாக்க குளோரைடு மாதிரியே ஏமாத்தும். ஆசிட் விட்டீங்கன்னா கார்பனேட் நுரைச்சு கார்பன் டை ஆக்சைடாப் பறந்துரும், குளோரைடு அசையாம அங்கயே கெடக்கும். சரி, ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விட்டா என்ன? அதுலயே குளோரைடு இருக்கே, தேடுற பொருளை நம்மளே உள்ள போட்ட மாதிரி ஆயிரும். சல்பேட்டைத் தேடும்போது சல்பூரிக் ஆசிட் விடக்கூடாதுங்கறதும் இதே கணக்குதான். அங்க நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விட்டுட்டு பேரியம் குளோரைடு ஊத்துவோம், குளோரைடு சேந்தாலும் பரவால்ல, நம்ம தேடுறது சல்பேட்டைத்தானே. பேரியம் சல்பேட்டும் லிட்டருக்கு 2, 3 மில்லிகிராமுக்கு மேல கரையாது, எந்த நீர்த்த ஆசிட்டுக்கும் மசியாது.

அதனால பிள்ளைங்களா, ப்ராக்டிகல்ல மொத வேலையா இதைப் பண்ணுங்க. ட்யூபை டிஸ்டில்டு வாட்டர்ல அலசிட்டு, வெறும் டிஸ்டில்டு வாட்டரை மட்டும் ஒரு ட்யூப்ல எடுத்து அதுல நைட்ரிக் ஆசிட்டும் ரெண்டு சொட்டு சில்வர் நைட்ரேட்டும் விட்டுப் பாருங்க. தெளிவா இருந்தாத்தான் அடுத்தது. பால் மாதிரி கலங்குச்சுன்னா உங்க தண்ணியோ ட்யூபோ சுத்தமில்ல, உப்பைத் தொடவே தொடாதீங்க. உள்ளூர் பிள்ளைங்க ஊத்துறது மழைத் தண்ணியா இருந்தாக்கூட இந்த சோதனைய விடக்கூடாது, கடல் காத்துல உப்புத் தூசி இருக்கும். சில்வர் நைட்ரேட் விரல்ல பட்டா கருப்பாக் கறை பிடிச்சு நாலஞ்சு நாளுக்குப் போகாது, அதையும் பாத்துக்கங்க.

இப்ப நான் சொல்லப் போறதை எந்த கைடுலயும் நான் பாத்ததில்ல, ஆனா எனக்கு இந்தப் பாடமே இதுலதான் புரிஞ்சது. வாலிநோக்கத்துல உப்பளம் பாத்துருப்பீங்க, தமிழ்நாடு உப்புக் கழகம் 1974ல ஆரம்பிச்சது, அங்க பாத்தி பாத்தியா கடல் தண்ணிய ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்கு மாத்திக்கிட்டே போவாங்க, வெயில்ல தண்ணி சுண்டச் சுண்ட டிகிரி ஏறும். டிகிரின்னா சூடு இல்ல, தண்ணியோட அடர்த்தி, ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்க விட்டுப் பாப்பாங்க. கடல் தண்ணி 3, 3.5 டிகிரியில உள்ள வருது. 13 டிகிரிகிட்ட ஜிப்சம் படிய ஆரம்பிக்கும், அதாவது கால்சியமும் சல்பேட்டும் சாப்பாட்டு உப்புக்கு முன்னாடியே கையைக் கோத்துக்கிட்டு கீழ எறங்கும், ஏன்னா அது ரெண்டும் சேந்தா லிட்டருக்கு 2 கிராம் சொச்சம்தான் தாங்கும். தண்ணி பத்துல ஒரு பங்கா சுண்டி 25 டிகிரி வந்தப்புறம்தான் நம்ம சாப்பாட்டு உப்பு பூக்கும். 29, 30 டிகிரிக்குள்ள உப்பை வாரிட்டு மிச்சத் தண்ணிய வெளிய விட்டுருவாங்க, அதை வாயில வெச்சீங்கன்னா கசந்து தொலைக்கும், அதுல மெக்னீசியம், பொட்டாசியம், புரோமைடு எல்லாம் தங்கிருக்கும். யோசிச்சுப் பாருங்க, லேப்ல நம்ம ஒரு ரீஏஜென்ட் (சோதனைக்குன்னு ஊத்துற கரைசல்) ஊத்தி ஒவ்வொரு அயனியாப் படிய வெக்கிறோம், அங்க வெயிலை வெச்சு அதையே ஏக்கர் கணக்குல பண்றாங்க. கொதிக்கிற மண்ணுல வெறுங்காலோட நின்னு உப்பு வாருற அந்தப் பொம்பளைங்களுக்கு எந்த டிகிரியில எது படியும்னு என்னை விட நல்லாத் தெரியும்.

அந்தக் கசப்புத் தண்ணி உப்போட கொஞ்சம் ஒட்டிக்கிட்டே வந்துரும். ஐப்பசி கார்த்திகையில கல்லுப்புச் சாடிக்கு அடியில தண்ணி கட்டும் பாருங்க, ஓதம் விட்டுருச்சுன்னு சொல்லுவோம். சுத்தமான சோடியம் குளோரைடு அவ்வளவு சீக்கிரம் ஈரம் இழுக்காது, கூட வந்த மெக்னீசியம் குளோரைடுதான் காத்துல இருக்க ஈரத்தை உறிஞ்சுது.

மெக்னீசியத்தை வீட்டுலயே பிடிச்சுக் காட்டலாம், அன்னைக்கு நாங்க பண்ணோம். வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பு ஒரு நெல்லிக்கா அளவு எடுத்து ஒரு பாட்டில் தண்ணியில கரைச்சு மூடி ராத்திரி பூரா அசைக்காம வெச்சா, அடியில வண்டலாத் தங்கி மேல தெளிஞ்ச தண்ணி நிக்கும், அதுதான் சுண்ணாம்புத் தண்ணி. கண்ணுல மட்டும் படக்கூடாது, ரொம்பக் கவனம். காலையில கடல் தண்ணிய துணியில வடிகட்டி ஒரு கண்ணாடி க்ளாஸ்ல பாதி எடுத்தோம், அதுவும் தெளிவு, சுண்ணாம்புத் தண்ணியும் தெளிவு. ஒண்ணுல ஒண்ணை ஊத்துனதும் புகை எறங்குற மாதிரி வெள்ளையா சுருள் சுருளாப் போய் க்ளாஸ் பூரா கலங்கிருச்சு. கொஞ்ச நேரத்துல அது கொழகொழன்னு பஞ்சு மாதிரி அடியில எறங்குச்சு. அதுல முக்கால்வாசியும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு. எலுமிச்சம்பழம் பிழிஞ்சதும் மறுபடி தெளிஞ்சிருச்சு. "ஆசிட் வந்ததும் ஹைட்ராக்சைடைப் பிடுங்கிருச்சு, மெக்னீசியத்துக்கு ஜோடி போயிருச்சு, அதான் திரும்பக் கரைஞ்சிருச்சு"ன்னு அவளே சொன்னா. எனக்கு அப்பவே நிம்மதி.

கார்பனேட் டெஸ்ட்டுக்கும் அதே சுண்ணாம்புத் தண்ணிதான். கடற்கரையில கெடக்குற மட்டி ஓட்டைக் கழுவி இடிச்சுத் தூளாக்கி ஒரு உயரமான டம்ளர்ல போட்டு வினிகர் ஊத்துனா பொடிப் பொடியா நுரை வரும். (பவளப்பாறைத் துண்டை எடுக்காதீங்க, அது சட்டப்படி தப்பு, மட்டி ஓடே போதும்.) வர்றது கார்பன் டை ஆக்சைடு, காத்தை விடக் கனம், அதனால டம்ளருக்குள்ளயே தேங்கி நிக்கும். அந்த டம்ளரை சுண்ணாம்புத் தண்ணி இருக்க டம்ளர் மேல மெதுவாச் சாய்ச்சு, திரவம் விழாம வாயுவை மட்டும் ஊத்தணும், கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது, ஊத்திட்டு ரெண்டு சுத்து சுத்துனா தண்ணி பால் மாதிரி ஆகும். அந்தப் பால் என்னன்னு நெனைக்கிறீங்க, கால்சியம் கார்பனேட், அதாவது அந்த மட்டி ஓடு எதால ஆனதோ அதே பொருள். இன்னும் வாயுவை விட்டுக்கிட்டே இருந்தா பைகார்பனேட்டா மாறி மறுபடி தெளியும், அதைக் காய்ச்சுனா மறுபடி வெள்ளை வரும். வெந்நீர் வெக்கிற பாத்திரத்துக்குள்ள வெள்ளையா ஏடு பிடிக்குதே, அது இந்தக் கடைசிக் கட்டம்தான், எலுமிச்சை போட்டுத் தேச்சா ஏன் போகுதுன்னும் இப்ப புரிஞ்சிருக்கும்.

ஆனா எல்லா அயனியும் படியாது. சோடியம் கிட்டத்தட்ட யாரோட சேந்தாலும் கரைஞ்சே நிக்கும், பொட்டாசியமும் ஏறக்குறைய அப்படித்தான், அதனால அதுகளை நெருப்புல காட்டிப் பிடிக்கிறோம். சோறு பொங்கி அடுப்புல வழிஞ்சா நீல ஜ்வாலை சட்டுன்னு மஞ்சளாகுது பாருங்க, உலையில போட்ட உப்புல இருக்க சோடியம் அது. சூட்டுல எலக்ட்ரான் மேல் மட்டத்துக்கு ஏறி எறங்கும்போது விடுற வெளிச்சம், ஒவ்வொரு தனிமத்துக்கும் அந்தப் படி உயரம் வேற வேற, அதனால நிறமும் வேற. கால்சியம் செங்கல் சிவப்பு, பேரியம் ஆப்பிள் பச்சை, காப்பர் நீலம் கலந்த பச்சை, பொட்டாசியம் வெளிர் ஊதா. இதுல பொட்டாசியம் பாவம், துளி சோடியம் கூட இருந்தாலும் மஞ்சள் அடிச்சு மறைச்சிரும். பாம்பன், மண்டபம் பக்கம் பொம்பளைங்க வளக்குற கடல் பாசியில பொட்டாசியம் நெறைய, அந்தப் பாசிச் சாம்பலை நெருப்புல காட்டுனாலும் மஞ்சள்தான் தெரியும், கோபால்ட் நீலக் கண்ணாடி வழியாப் பாத்தா அது மஞ்சளை முழுங்கிரும், ஊதா தெரியும்.

அம்மோனியமும் படியாது, அதை வாயுவாத் துரத்தி மூக்கால பிடிக்கணும், சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுச் சூடு பண்ணா அம்மோனியா வரும், ஈரமான சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாகும். அந்த வாடை எங்க பக்கத்துல எல்லாருக்கும் பழக்கம். சுறா மீன் உடம்புல யூரியா இருக்கும், மீன் பழசாகப் பழசாக பாக்டீரியா அதை அம்மோனியாவா மாத்திரும், அதான் பழைய சுறாவைத் தொட்டதும் மூக்கைக் குத்துது. புட்டுக்கு சுறா வாங்குற அம்மாக்கள் மோந்து பாத்துட்டுத்தான் விலையே கேப்பாங்க. நைட்ரேட்டுக்குப் பழுப்பு வளையம், மூணு பாசிட்டிவ் சார்ஜ் உள்ள இரும்பு அயனிக்கு தயோசயனேட் விட்டா ரத்தச் சிவப்பு, இதெல்லாம் நீங்களே படிச்சுக்குவீங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரே கேள்வி கேளுங்க போதும், இது படியுதா, பறக்குதா, நிறம் காட்டுதா.

இனி ஹைட்ரோகார்பன், அதாவது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேந்த பொருளுங்க. புத்தகத்துல இது வேற பாடம், அதனால பிள்ளைங்க வேற உலகம்னு நெனைச்சுக்குதுங்க. நான் அங்க போறதுக்கு சோப்பு வழியாத்தான் போவேன். எங்க ஊரு போர் தண்ணியில சோப்பு நுரைக்காது, திரிஞ்சு போய் வெள்ளையாப் பிசுக்கு மாதிரி வாளியில ஒட்டும். சோப்பு மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு வால். தலை அயனி, நெகட்டிவ் சார்ஜ், தண்ணியோட ஒத்துப்போகும். வால் 17 கார்பன் நீளத்துக்கு வெறும் கார்பனும் ஹைட்ரஜனும், அது தண்ணிய அண்டாது, எண்ணெயைத்தான் தேடும். போர் தண்ணியில இருக்க கால்சியமும் மெக்னீசியமும் ரெண்டு ரெண்டு சோப்புத் தலையைப் பிடிச்சுக் கட்டி அப்படியே படிய வெச்சிரும். ஆமா, அதுவும் ஒரு வீழ்படிவுதான், குளிக்கப் போற இடத்துலயே சால்ட் அனாலிசிஸ் நடக்குது. துணி பவுடர்ல தலை வேற மாதிரி, சல்போனேட், கால்சியம் பிடிச்சாலும் படியாது, அதனால அது உப்புத் தண்ணியிலயும் நுரைக்குது.

அந்த வாலை மட்டும் தனியா வெட்டி எடுத்தா என்னவோ அதுதான் ஹைட்ரோகார்பன். படகுத்துறைகிட்ட தண்ணி மேல டீசல் வானவில் கலர்ல படலமா மிதக்கும் பாத்துருக்கீங்களா, அதுக்கு சார்ஜ் கிடையாது, தண்ணியால அதைச் சுத்தி வளைச்சுப் பிரிக்க முடியாது, அதான் கரையாம மேல கெடக்கு. இங்க யாரும் எலக்ட்ரானைக் குடுக்கவும் இல்ல வாங்கவும் இல்ல, கார்பனும் ஹைட்ரஜனும் எலக்ட்ரானைப் பங்கு போட்டுக்கிட்டு ஒண்ணா நிக்குது. கார்பன் டெட்ராகுளோரைடுல 4 குளோரின் இருக்கு, ஆனா சில்வர் நைட்ரேட் ஊத்துனா ஒண்ணும் நடக்காது. "குளோரின் இருக்கே சித்தி, ஏன் படியல?"ன்னு கேட்டா. குளோரின் இருக்குடி, குளோரைடு அயனி இல்ல, அது கார்பனோட கையை விடல. இந்த ஒரு இடத்துல தெளிவு வந்துருச்சுன்னா ரெண்டு பாடமும் சேந்து புரிஞ்ச மாதிரி.

கார்பனுக்கு 4 கை, ஹைட்ரஜனுக்கு 1 கை. ஒரு கார்பனோட 4 கையிலயும் ஹைட்ரஜன் பிடிச்சா மீத்தேன். களிமண்ணை உருட்டி பனை ஓலை ஈர்க்கைக் குத்தி செஞ்சு பாருங்க, காகிதத்துல கூட்டல் குறி மாதிரி வரையிறது நெசத்துல அப்படி இல்ல, 4 ஈர்க்கும் ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகி முக்காலிக்கு மேல ஒரு குச்சி நட்ட மாதிரி நிக்கும். அடுத்து ஈத்தேன் 2 கார்பன், புரப்பேன் 3, பியூட்டேன் 4. ஹைட்ரஜன் எத்தனைன்னு மனப்பாடம் வேணாம். ஒரு கயித்துல வரிசையா முடிச்சு போட்டு ஒவ்வொரு முடிச்சுலயும் மேல ஒரு மிதவை, கீழ ஒரு ஈயக்குண்டு கட்டுனா முடிச்சுக்கு 2, அப்புறம் கயித்தோட ரெண்டு நுனியிலயும் ஒவ்வொண்ணு. முடிச்சுதான் கார்பன், மத்ததெல்லாம் ஹைட்ரஜன். கார்பனை 2ஆல பெருக்கி 2 கூட்டுங்க. புரப்பேனுக்கு 3 பெருக்கல் 2, கூட்டல் 2, ஆக 8. வலை கட்டுற வீட்டுப் பிள்ளைங்களுக்கு இதை ஒரு தடவை சொன்னாப் போதும், மறக்காது. பியூட்டேன்ல 4 கார்பனும் ஒரே வரிசையாவும் நிக்கலாம், 3 வரிசையா நின்னு நடுவுல ஒண்ணு கிளையா ஒட்டிக்கவும் செய்யலாம், ரெண்டுக்கும் 4 கார்பன் 10 ஹைட்ரஜன்தான், ஆனா வேற வேற பொருள். அதுக்குப் பேருதான் ஐசோமர்.

கயிறு நீள நீள ஒண்ணோட ஒண்ணு ஒட்டுறது கூடும், கொதிக்க அதிக சூடு வேணும். மீத்தேன் மைனஸ் 161 டிகிரியிலயே கொதிச்சிரும், புரப்பேன் மைனஸ் 42, பியூட்டேன் மைனஸ் அரை, 5 கார்பன் உள்ள பென்ட்டேன் 36 டிகிரி. அதனால 4 கார்பன் வரைக்கும் வாயு, அப்புறம் பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல்னு திரவமாப் போய், 20 கார்பன் தாண்டுனா மெழுகுவத்தி. எங்க மாவட்டத்துலயே பூமிக்கு அடியில கேஸ் கெடைக்குது, வழுதூர் கேஸ் டர்பைன் மின்நிலையம் ஓடுறது அந்த இயற்கை எரிவாயுவுலதான், அதுல பெரும்பகுதி மீத்தேன். வீட்டு சிலிண்டர்ல இருக்கறது புரப்பேனும் பியூட்டேனும், அழுத்தி வெச்சதால திரவமாகி உள்ள களக் களக்குன்னு ஆடுது, திறந்தா வாயுவாகி வருது.

இதுல பாதுகாப்பு விஷயம் ஒண்ணு இருக்கு, தயவுசெஞ்சு இதை மட்டும் தாண்டிப் போகாதீங்க. காத்தோட சராசரி மூலக்கூறு எடை 29ன்னு வெச்சா மீத்தேன் 16, மேல போயிரும். புரப்பேன் 44, பியூட்டேன் 58, ரெண்டும் கீழ எறங்கித் தரையோட படுத்துக்கும். வீட்டுல லீக் ஆனா சன்னலை விட வாசக்கதவைத் திறக்குறது முக்கியம், சுவிட்சைப் போடவும் கூடாது அணைக்கவும் கூடாது. படகுல சமைக்கிறவங்க இன்னும் கவனமா இருக்கணும், கசிஞ்ச கேஸ் அடித்தளத்துல போய்த் தேங்கி நின்னா வெளியேற வழியே இருக்காது. அந்த கேஸுக்கு சொந்தமா வாடை கிடையாது, நமக்குத் தெரியணும்னே எத்தில் மெர்காப்டன்னு ஒரு கந்தகச் சேர்மத்தைக் கலக்குறாங்க.

எரியுறதைக் கணக்காப் பாத்தா, புரப்பேன் ஒண்ணு எரிய ஆக்சிஜன் 5 மூலக்கூறு வேணும், 3 கார்பன் டை ஆக்சைடும் 4 தண்ணியும் வரும். தண்ணி வருதாங்கறதுக்கு குளுந்த எவர்சில்வர் டம்ளரை இடுக்கியில பிடிச்சு அடுப்பு ஜ்வாலைக்குக் கொஞ்சம் மேல ஒரு நொடி காட்டுங்க, வெளிப்பக்கம் பனி படியும். ஆக்சிஜன் பத்தலன்னா கார்பன் முழுசா எரியாம கரியா நிக்கும், மண்ணெண்ணெய் விளக்குச் சிமினி கருக்குறது அதான்.

கார்பன் ரெண்டு பக்கத்துலயும் ஹைட்ரஜனைக் கொஞ்சம் விட்டுட்டு தங்களுக்குள்ளயே ரெண்டு கையால பிடிச்சுக்கிட்டா ஈத்தீன், மூணு கையால பிடிச்சா ஈத்தைன். ஈத்தீன் பழத்தைப் பழுக்க வெக்கிற வாயு, காயே அதை உண்டாக்கும், வாழைத்தாருக்குப் புகை மூட்டம் போட்டா சீக்கிரம் பழுக்குறதும் புகையில அது இருக்கறதாலதான். ஈத்தைனை போட் பட்டறையில பாக்கலாம், கேஸ் வெல்டிங்ல கார்பைடு கல்லுல தண்ணி பட்டதும் வர்ற வாயு அது, ஆக்சிஜனோட எரிஞ்சா 3000 டிகிரிக்கு மேல போயி இரும்பையே உருக்கும்.

இந்த ரெட்டைக் கை இருக்கா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? அயனி இல்ல, அதனால வீழ்படிவு வராது. இங்க புரோமின் தண்ணிய விடணும், ஆரஞ்சு கலந்த பழுப்பு நிறம். ஈத்தேன்ல விட்டா நிறம் அப்படியே நிக்கும், அங்க எல்லாக் கையும் பிடிச்சாச்சு, இடமில்ல. ஈத்தீன்ல விட்டா கார்பனுங்க கூடுதலாப் பிடிச்சிருந்த ஒரு கையை விட்டுட்டு ஆளுக்கொரு புரோமினைப் பிடிச்சுக்கும், நிறம் மறைஞ்சிரும். லேப்ல மிஸ் முன்னாடி மட்டும்தான் பண்ணணும், புரோமின் ஆவி ரொம்ப ஆபத்து.

அந்த புரோமின் எங்க இருந்து வந்துச்சு தெரியுமா? 1826ல பிரான்ஸ் நாட்டுல மோன்பெலியேங்கற ஊருல பலார்னு ஒரு இளைஞர், உப்பு எடுத்தப்புறம் மிஞ்சுன கசப்புத் தண்ணிக்குள்ள குளோரினை விட்டுப் பாத்தார், தண்ணி பழுப்பாச்சு, அதுல இருந்து பிரிச்சதுதான் இது. புரோமைடு கிட்ட இருந்து குளோரின் எலக்ட்ரானைப் பிடுங்கிருச்சு, அயனியா நிறமில்லாம கெடந்தது புரோமினா மாறி நிறம் காட்டிருச்சு. நம்ம வாலிநோக்கத்துப் பாத்தியில உப்பு வாருனப்புறம் வெளிய விடுற தண்ணியிலயும் அதே புரோமைடு இருக்கு, லிட்டருக்கு 65 மில்லிகிராமா உள்ள வந்தது, சுண்டிச் சுண்டி பல மடங்கு கூடிப்போய். இதைச் சொன்னதும் அக்கா மக கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கேட்டா, "அப்ப சித்தி, அந்தத் தண்ணியில சில்வர் நைட்ரேட் விட்டா குளோரைடோட புரோமைடும் சேந்துல்ல படியும், எது எதுன்னு எப்படிப் பிரிக்கிறது?" சில்வர் குளோரைடு அம்மோனியாவுல நல்லாக் கரையும், சில்வர் புரோமைடு கொஞ்சம்தான் கரையும், நிறமும் லேசான மஞ்சள், அதுல இருந்து ஆரம்பிடின்னு சொல்லிட்டு நான் உலை வெக்கப் போனேன்.